கடுக்காய் மையும் அம்மாவின் விரல்களும்

கடுக்காய்த் தோலை இடித்து ஊறவைத்துக் கொதிக்கவிட்ட தண்ணீரில் அன்னபேதியைப் போட்டதும் ஒரு வாடை கிளம்பும். மழையில் நனைந்த அரிவாளை மூக்கருகே பிடித்தது போன்ற இரும்பு வாடை. அதோடு, நாக்கில் படாமலேயே நாக்கை உள்ளே இழுக்கிற ஒரு துவர்ப்பு. இளம்பச்சை உப்புக் கல்லாகக் கிடந்த அன்னபேதி கரையக் கரைய, தேநீர் நிறத்திலிருந்த தண்ணீர் கண்ணெதிரே கலங்கி, நாவல்பழம் கழுவிய தண்ணீர் போலாகி, அப்படியே கறுத்துக்கொண்டு போகும். அந்த வாடை எனக்குப் பிடிக்கும். மை என்றால் மல்லிகை வாசம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் இருந்தது. ஊரைச் சுற்றியிருந்த வயலெல்லாம் பெரும்பாலும் ஒரே மிராசுதாருக்கு உரியவை. அவர் பட்டணத்தில் இருந்துகொண்டார். ஊரில் அவருக்காக ஆட்சி நடத்தியவர் "காரியக்காரர்". எங்கள் தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வயல்களில் உழுது, நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் தெரு ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு பண்ணை வீட்டு வாசலைக் கடக்க முடியாது. துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், தோளுக்கு ஏறக் கூடாது. கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்த புதிதில் என் அப்பா மாணிக்கம் வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். சட்டையோடு நிறுத்தவில்லை. மேடையில் பேச வந்தவர்கள் எல்லோருடைய சட்டைப் பையிலும் பேனா இருந்ததைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு தடித்த மரூன் நிறப் பேனாவை வாங்கிப் பையில் குத்திக்கொண்டு, வேண்டுமென்றே பண்ணை வாசல் வழியாகவே நடந்து வந்தார்.

"பேனா எதுக்குடா உனக்கு?" என்று காரியக்காரர் கேட்டாராம்.

"எழுதத்தாங்க. வேற எதுக்கு?" என்றாராம் அப்பா.

இதை அப்பா சொல்லிச் சொல்லி எங்கள் தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அ என்ற எழுத்தை எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. செய்தித்தாளை நான் வாசிக்கக் கேட்டு, அதைத் தாமே வாசித்ததைப் போல அன்று சாயங்காலம் டீக்கடையில் விளக்குவார்; அவ்வளவு நினைவாற்றல், அவ்வளவு வாய். அவரை ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக்கியது அந்த வாய்தான். பேனா மட்டும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். "வெத்துப் பேனாவைக் குத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன துணிக்கடைப் பொம்மையா?" என்பார். ஆகவே காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பேனாவுக்கு மை ஊற்றுவது என் வேலை.

எழுதத் தெரிந்தவள் அம்மா. பெயர் காத்தாயி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாற்று நட்டுப் பழகிய கை என்பதாலோ என்னவோ, கோடில்லாத தாளில் எழுதினாலும் அவளுக்கு வரிசை பிசகாது. ழகரத்தின் வாலை மட்டும் தேவைக்கு மேல் நீட்டி, அடுத்த வரிக்குள் இறக்கிவிடுவாள். கேட்டால், "அதுக்குத்தான் வாலு இருக்கு" என்பாள்.

பேனாவோடு மல்லுக்கட்டிய தலைமுறை நாங்கள். வகுப்பில் பாதிப் பேருடைய வலதுகை நடுவிரல் எப்போதும் நீலமாகவே இருக்கும். கடையில் புட்டியில் விற்ற மையை வாங்க வழியில்லாதவர்கள் "மை வில்லை" வாங்கித் தண்ணீரில் கரைத்துக்கொள்வோம். கரையாத பொடி போய் நிப்பின் பிளவில் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பழைய பிளேடை நுழைத்துக் கீறி எடுக்க வேண்டும். கழுத்து மரையில் மை கசிந்தால் சோப்பைத் தேய்த்துத் திருகுவோம். தாளில் சொட்டு விழுந்தால் சாக்பீஸை உருட்டி உறிஞ்சவைப்போம். எழுதி முடித்த நிப்பைத் துடைக்க உலகத்திலேயே சிறந்த இடம் தலைமுடிதான். எண்ணெய்த் தலையில் மை பட்டது யாருக்குத் தெரியப் போகிறது? இதற்கெல்லாம் மேல், பேனாவில் மை பாதியாகக் குறைந்துவிட்டால் சட்டைப் பையில் குத்தக் கூடாது. உள்ளே இருக்கிற காற்று உடம்புச் சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளிவிடும். "பேனா கக்கிடுச்சு" என்பதுதான் எங்கள் வகுப்பில் அன்றாடம் கேட்கும் புகார். நிரப்பினால் முழுக்க நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காலியாக வைக்க வேண்டும். நடுவில் நின்றால் பேனா காட்டிக்கொடுத்துவிடும்.

மையைப் பற்றி நான் முதலில் கற்றுக்கொண்டது ஒரு கூத்தால். எங்கள் வீட்டில் ஓட்டு கறுப்பு சிவப்புக் கொடிக்கு, சங்கம் செங்கொடிக்கு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு கொடி இருக்கும்போது ஒரே பேனாவில் இரண்டு மை இருக்கக் கூடாதா என்று நினைத்து, பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிய அழியாத கறுப்பு மையையும் விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மையையும் அப்பாவின் பேனாவுக்குள் ஒன்றாக ஊற்றிவிட்டேன். ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டும் உள்ளே திரிந்து, கெட்டுப்போன பால் போலக் கட்டிக்கொண்டன. உதறினேன், ஊதினேன், கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. அம்மா வாசலில் குத்துக்காலிட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடத்துக் களிம்பு போகிறதென்றால் இதுவும் போகாதா என்று, நிப்பையும் அதன் அடியில் இருக்கும் "நாக்கை"யும் உருவி அந்தப் புளித்தண்ணீரிலேயே ஊறப்போட்டேன். சாயங்காலம் பார்த்தால் நாக்கில் இறுகியிருந்த கட்டியெல்லாம் கழன்று தண்ணீரின் அடியில் கிடந்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் கட்டிப்போன பேனாக்களுக்கு நான்தான் வைத்தியச்சி.

இனிமேல் சொல்லப் போவது ஒரு குறுவை அறுவடையின் கதை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, அந்த வருஷம் எங்கள் தெரு ஆட்களை வயலில் இறக்க மாட்டேன், வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்று காரியக்காரர் சொல்லிவிட்டார். நட்டதும் களையெடுத்ததும் நாங்கள், அறுப்பது வேறு யாரோ என்றால் எங்கள் தெருவில் அடுத்த சாகுபடி வரை அடுப்பு எரியாது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கும் இடங்களிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினால் போதும், அவர்களும் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தானே, படித்துப் பார்த்தால் திரும்பிப் போவார்கள் என்று அப்பா கூட்டத்தில் சொன்னார். யார் எழுதுவது என்று கேட்டார்கள். அப்பா பையிலிருந்த பேனாவைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எழுதியவள் அம்மா. வேலைநிறுத்தம் என்பதால் பகலில் வீட்டில்தான் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, பழைய செய்தித்தாளின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, முதல் கட்டு நோட்டீஸை மை வில்லை கரைத்த நீல மையால் எழுதினாள். ஒட்டிய அன்றே புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. மதகிலும் பாலத்திலும் ஒட்டியிருந்த தாள்களில் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை, நீலமாக வழிந்திருந்தது. அந்தப் பக்கம் போன காரியக்காரர் அதைப் பார்த்து, "சங்கம் அழுவுது பாரு" என்று சொல்லிச் சிரித்ததாகத் தெருவுக்குச் செய்தி வந்தது. அதைக் கேட்ட அம்மா என்னைக் கூப்பிட்டு, "மழையில போகாத மை எதுவாச்சும் இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றாள்.

நீடாமங்கலம் கடைத்தெருவில் காசிம் பாய் நாட்டு மருந்தும் பள்ளிக்கூடச் சாமான்களும் சேர்த்து ஒரே கடையில் விற்றுக்கொண்டிருந்தார். அழியாத மை என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல், கடுக்காயும் அன்னபேதியும் வேலம்பிசினும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "இது தொட்டு எழுதற கட்டைப் பேனாவுக்கு உண்டான மைம்மா. பேனாவுல ஊத்திடாதே, கட்டிக்கிச்சுன்னா பேனா போச்சு. துணியில பட்டா அது ஜென்மத்துக்கும் போவாது" என்றார். "கையில பட்டா?" என்றேன். "கையில படாம எழுதச் சொல்லு" என்றார். யாரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கட்டைப் பேனாவை வைத்து அந்த மலிவுத் தாளில் எழுதினால் முனை தாளைக் கிழித்தது. ஆகவே பாய் சொன்னதைக் கேட்காமல், மையைத் துணியில் வடிகட்டி அப்பாவின் பேனாவிலேயே ஊற்றினோம். பொல்லாத மை அது. சட்டியில் கறுப்பாகத் தெரிந்தாலும் எழுதும்போது கழுநீர் மாதிரி வெளுத்துத்தான் இறங்கும். எழுதுகிறவளுக்கே எழுத்து சரியாகத் தெரியாது. காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் போனதும் உள்ளிருந்து யாரோ ஊதிவிட்டது போல ஒவ்வொரு எழுத்தாகக் கறுத்துக்கொண்டு வரும். கறுத்துவிட்டால் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாலும் அசையாது. ஆனால் பத்துத் தாள் எழுதுவதற்குள் பிசின் நாக்கில் ஏறி மை நின்றுவிடும். அம்மா பேனாவை என்னிடம் நீட்டுவாள். நான் நிப்பை உருவி, புளித்தண்ணீரில் அலசி, நாக்கின் பள்ளக் கோடுகளைத் தென்னை ஈர்க்கால் சுரண்டி, முடியில் துடைத்துத் திரும்பப் பொருத்திக் கொடுப்பேன். அவள் எழுத, நான் கழுவ, அப்படியே பொழுது சாயும்.

எழுதி முடித்ததும் அம்மாவின் விரல்களைக் கழுவுவதும் நான்தான். மை கறுப்பதற்குள் கழுவ வேண்டும். எலுமிச்சை மூடியில் கல் உப்பை வைத்து நகக்கண், ரேகை, விரலிடுக்கு என்று விடாமல் தேய்ப்பேன், பிறகு புளி, பிறகு அரிசி கழுவிய தண்ணீர். சேற்றுப்புண் வெடித்த விரல்களில் எலுமிச்சைச் சாறு இறங்கும்போது அவளுக்கு எப்படி எரிந்திருக்கும்! ஒரு முறைகூடக் கையை இழுத்துக்கொண்டதில்லை. பளிச்சென்று கழுவி முடித்து, விரித்து வெளிச்சத்தில் பார்த்து, ஒரு பொட்டும் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பாள்.

நோட்டீஸ் வேலை செய்தது. மழையில் நின்றது. கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து வந்த முதல் லாரி ஆட்கள் பாலத்தருகே இறங்கிப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த நாள் காலை அப்பா, அம்மா எழுதிப் பாதியில் வைத்திருந்த பேனாவை அவசரத்தில் எடுத்துப் பையில் குத்திக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். வெயில். நடை. பேனா கக்கிவிட்டது. வியர்வை என்று நினைத்து அவர் கவனிக்கவில்லை; பாலத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே வெள்ளைச் சட்டையின் இடது மார்பில் கறை கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. போலீஸ் ஜீப் வந்து நின்றது. காரியக்காரர் கொண்டுவந்து கொடுத்திருந்த நோட்டீஸை இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே கறுப்பு. வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

செய்தி வந்ததும் அம்மா புடவையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரிய புளியமரம். அதன் கீழே நின்ற தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் உள்ளே நடந்தது தெரிந்தது. எழுதியது நீதானே என்று கேட்டதற்கு அப்பா ஆமாம் என்றிருக்கிறார். அப்படியென்றால் எழுதிக் காட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு என்றதற்கு மட்டும், "ஒரு எழுத்து எழுத மாட்டேன். உங்க காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். என்ன நெஞ்சுரம் என்று மரத்தடியில் எல்லோருக்கும் புல்லரித்திருந்தது. போலீஸ்காரர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் அறைந்திருந்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், பேனாவைக் கையில் கொடுத்தால் அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. கைநாட்டு வைத்தால் வெளியே வந்துவிடலாம். அடி வாங்கினாலும் கட்டைவிரலை மைப்பெட்டியில் வைப்பதில்லை என்று மனிதர் முடிவெடுத்திருந்தார்.

அம்மா படியேறி உள்ளே போனாள். "ஐயா, அந்த நோட்டீஸை எழுதினது நான். அவங்களை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா? கையைக் காட்டு."

அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். எலுமிச்சையும் உப்பும் புளியும் போட்டு நான் தேய்த்துக் கொடுத்த கைகள். ஒரு பொட்டு மை இல்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புருஷன் சட்டை பூரா மை. உன் கையில துளி இல்லை. பொய் சொல்ல வர்றவ கொஞ்சம் மையாவது பூசிக்கிட்டு வரக் கூடாதா?"

உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவ பேச்சைக் கேக்காதீங்க. அவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது. எழுதினது நான்தான்."

எங்கள் வீட்டில் அ, ஆ தெரியாதவர், தெரிந்தவளைப் பார்த்துச் சொல்கிறார்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவளைக் காப்பாற்றுகிறாரா, தம் மானத்தைக் காப்பாற்றுகிறாரா என்று யோசித்தால் இரண்டும்தான். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "பேனா குடுங்க, எழுதிக் காட்டுறேன்" என்றாள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை "ரைட்டர்" என்பார்கள். அவர் தம் பேனாவை மெதுவாக மூடித் தம் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் தெருக்காரியின் கை பட்ட பேனாவில் அவர் அதற்குப் பிறகு எழுத வேண்டுமே! "அதான் அவன் பேனா இருக்கே" என்று மேசையில், அப்பாவிடம் கழற்றி வாங்கிய சட்டையோடு கிடந்த மரூன் பேனாவைக் காட்டினார். அம்மா எடுத்து ஒரு தாளில் வைத்து இழுத்தாள். கீறல் விழுந்ததே தவிர மை இறங்கவில்லை. போலீஸ்காரர்கள் திறந்து பார்த்து மூடாமல் போட்டதில் பிசின் இறுகியிருந்தது. ரைட்டர் சிரித்தார், நின்றிருந்த கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள்.

நான் அம்மாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பிடிக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் பிஞ்சு தொங்கியது. பறித்து வாய் நிறையப் போட்டு மென்றேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. நிப்பையும் நாக்கையும் பல்லால் கடித்து உருவி, அந்தப் புளிப்புச் சாற்றோடு வாயிலேயே வைத்துச் சப்பினேன். அன்னபேதியும் கடுக்காயும் பிசினும் தொண்டை வரை இறங்கின. துப்பினேன், மறுபடி மென்றேன், மறுபடி சப்பினேன், முடியில் துடைத்தேன், பொருத்தினேன், ஒரு உதறு உதறினேன். மண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. உள்ளே வந்து அம்மாவிடம் கொடுத்தபோது என் வாயும் பல்லும் மோவாயும் கறுத்திருந்தனவாம். ஒரு கான்ஸ்டபிள் என்னைப் பார்த்து ஓரடி பின்னால் போனார். நன்றாகப் பயப்படட்டும் என்று பல்லைக் காட்டினேன்.

அம்மா நாற்காலியில் உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. மேசைமேல் குனிந்து, நடவில் குனிகிற மாதிரியே குனிந்து, நோட்டீஸின் வாசகத்தை அப்படியே எழுதினாள். வெளியூர் உழைப்பாளிகளே, இந்த வயலை நட்டவர்கள் நாங்கள், அறுப்பவர்களும் நாங்களே, எங்கள் பிள்ளைகளின் சோற்றில் இறங்காதீர்கள். ழகரத்துக்கு வால் நீண்டது.

"மை வேற மாதிரி இருக்கே சார். வெளுத்துக் கெடக்கு" என்றார் ரைட்டர்.

"கொஞ்ச நேரம் விடுங்க. காத்துப் பட்டாக் கறுக்கும்" என்றேன்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை காக்கிச் சட்டைகளும் மேசையைச் சுற்றிக் குனிந்து நிற்க, என் அம்மாவின் எழுத்து கறுத்தது. முதலில் எழுதிய வரி முதலில், அடுத்தது பின்னால், நிதானமாக, யாருக்கும் பயப்படாமல் கறுத்தது. இன்ஸ்பெக்டர் நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வால்கள் ஒன்றுபோல் இருந்தன.

"சரி. எழுதினது நீதான். அப்ப அவன் ஏன் நான்தான்னு சொல்றான்? எழுதலைன்னா எழுதலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எழுதிக் காட்டுடான்னா ஏன் மாட்டேங்கிறான்?"

அம்மா அப்போதுதான் கம்பியின் பக்கம் திரும்பினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி வாங்கியபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு பயம் இருந்திருக்காது. அவருக்கு எழுதத் தெரியாதுங்க என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அதோடு சட்டை, பேனா, பண்ணை வாசல் நடை எல்லாம் முடிந்துவிடும். காரியக்காரருக்கு அன்று சாயங்காலமே விஷயம் போய்விடும்.

அம்மா சொன்னாள்: "எழுதிக் காட்டினா எழுத்து வேறன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமில்லீங்க. பொண்டாட்டியைக் காட்டிக்குடுப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் நோட்டீஸை மடித்து மேசையில் போட்டார். ஒரு பெண்ணை லாக்கப்பில் வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. அதற்குள் எங்கள் தெருப் பெண்கள் மொத்தமும் மரத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. இனி எழுதினால் உள்ளே போட்டுவிடுவேன் என்று மிரட்டி இரண்டு பேரையும் அனுப்பினார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

வாய்க்கால் கரையில் நடக்கும்போது அப்பா மெதுவாக, "நீ சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எதை?"

"எனக்குத் தெரியாதுன்னு."

"அது அவனுக்கு எதுக்கு?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வந்ததில்லை. அந்த அறுவடையில் பாதி வயலை நாங்கள் அறுத்தோம். மீதியைப் போலீஸ் காவலோடு வெளியாட்கள் அறுத்தார்கள். வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்று சொன்னால் நான் விடமாட்டேன்.

ஆனால் ஊர் கதையை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. மாணிக்கம் எழுதினார், புருஷனைக் காப்பாற்றப் பொண்டாட்டி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், என்ன உத்தமி என்று வாயாரப் புகழ்ந்தார்கள். பத்தினி என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "எழுதினதை எழுதினேன்னு சொன்னேன். அதுக்கு எதுக்குடி பத்தினிப் பட்டம்?" என்று குடத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கத்தினாள். அப்பா மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. புதுப் பேனா ஒன்று வாங்கிக் குத்திக்கொண்டார். சங்கத்துக்கு அம்மா தொடர்ந்து எழுதினாள். அடுத்த முறை நான் எலுமிச்சை மூடியோடு போய் நின்றபோது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "வேணாம், கெடக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் விரல்களை நான் கழுவவில்லை. கறுத்த விரல்களோடு நடவுக்குப் போனாள், கறுத்த விரல்களோடு சோறு பிசைந்தாள், தாசில்தார் நடத்திய பேச்சுவார்த்தைக்குக் கறுத்த விரல்களோடு போய் உட்கார்ந்தாள். அப்படியும் எழுதுகிறவர் மாணிக்கம்தான் என்றே ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்தவர்களுக்கு எந்த மையால் எழுதிக் காட்டுவது?

அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். காசிம் பாய் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். நிப்பு, மை வில்லை, தலைமுடியில் துடைக்கும் பழக்கம் எல்லாம் போய்விட்டன. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விரல் நோகக் கழுவியவளுக்குத்தான் தெரியும். இதில் அப்பாவின் ரகசியத்தைச் சொல்லிவிட்டேனே, அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பீர்கள். கோபிப்பார். கோபிக்கட்டும். அவர் மானத்தை அம்மா அத்தனை வருஷம் காத்தாள், போதும்.

எங்கள் ஊர் முகப்பில் இளைஞர்கள் சேர்ந்து கொடிமேடையைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலப் போராட்டக்காரர்களின் பெயர்களைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் பெயரும் இருக்கிறது. கீழே, "பேனா முனையால் போராடியவர்" என்று. திறப்பு விழாவுக்குப் போயிருந்தபோது பொறுப்பிலிருந்த பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பிள்ளைதான். "தெரியும் அத்தை, ஆத்தா பழியை ஏத்துக்கிட்டு ஐயாவைக் காப்பாத்தினாங்களாமே, மேடையில அதையும் சொல்றோம்" என்றான். நான் வாதாடவில்லை. பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த கறுப்பு மார்க்கரை வாங்கி, அப்பாவின் பெயருக்கு அருகில், "எழுதியவர் காத்தாயி" என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் விழாவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பட்டியலில் இல்லாத பெயர் என்று அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். நான் பஸ் ஏறிப் போய் மறுபடியும் எழுதினேன். இந்த வருஷமும் அடிப்பார்கள். மார்க்கர் வாங்கி வைத்திருக்கிறேன்.